குச்சிக்கிழங்கும் ஒரு போஸ்ட்டாக் விளம்பரமும்

தை மாதம் கொல்லிமலையில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. மிளகுப் பறிப்பு, காப்பி காயப்போடுவது, குச்சிக்கிழங்கு பிடுங்குவது எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பொங்கல் விடுமுறைக்குச் செம்மேடு போனேன். மூன்றாம் நாள் மாலை, கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் வந்தான். போன மாதம்தான் பிஎச்டி ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருந்தான். கையில் போன். அதில் ஒரு விளம்பரம்.

"அக்கா, இதப் பாருங்க. சூப்ராமாலிகுலர் கெமிஸ்ட்ரில போஸ்ட்டாக். நான் எழுதலாங்களா? என் பிஎச்டி வேற மாதிரி ஆச்சே."

அவன் அம்மாவும் கூட வந்திருந்தார். அவர் கேட்டது வேறு கேள்வி. "இன்னும் எத்தன வருசங்கண்ணு படிக்கோணும்?"

இரண்டு கேள்விக்கும் அன்று மாலை முழுக்கப் பதில் சொன்னேன். இதே இரண்டு கேள்விகளை வேறு பிள்ளைகளும் எனக்கு எழுதிக் கேட்கிறார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்கு. போஸ்ட்டாக் என்பது படிப்பு இல்லை, வேலை. பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. முனைவர் பட்டம் வாங்கியவர் இன்னொருவருடைய ஆய்வகத்தில் ஓரிரு வருடம் சம்பளத்துக்குச் சேர்ந்து ஆராய்ச்சி செய்வது. நம் நாட்டில் மத்திய அரசின் ஆய்வுத் திட்டங்களில் இந்தப் பதவிக்கு ஆராய்ச்சி இணையர் என்று பெயர், பேச்சில் 'ஆர்ஏ'. 2023 ஜனவரியிலிருந்து அதன் முதல் நிலைக்கு மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. சொந்தமாக ஒரு திட்டம் எழுதி விண்ணப்பிக்கும் தேசிய முதுமுனைவர் நிதியும் உண்டு. முன்பு அதைக் கொடுத்தது எஸ்இஆர்பி, இப்போது அந்த இடத்தில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறது.

"அம்பத்தெட்டாயிரமா?" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாதாமாதம் வருமா என்று அடுத்துக் கேட்டார். அதுதான் சரியான கேள்வி. என் முதல் போஸ்ட்டாக்கில் ஒரு கட்டத்தில் ஏழு மாதம் பணம் வரவில்லை. பிறகு மொத்தமாக வந்தது. அந்த ஏழு மாதமும் நான் வாடகை கட்டியது எங்கள் தோட்டத்துக் கிழங்குக் காசில். விளம்பரத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்க்காதே, அந்த ஆய்வகத்தில் இப்போது இருப்பவர்களிடம் பணம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டு எழுது என்று தம்பியிடம் சொன்னேன். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பத்தில் சேமிப்பு இல்லாத பிள்ளைகளை ஆராய்ச்சியிலிருந்து வெளியே தள்ளுவது பெரும்பாலும் இந்தத் தாமதம்தான்.

"சரி, அந்த வாயில நொழையாத பேரு என்ன கண்ணு?" என்றார் அவர்.

அதைச் சொல்லால் விளக்க நான் முயலவில்லை. அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அந்த வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன், நிறையத் தண்ணீர் சேர்த்தேன். முதலுதவிப் பெட்டியில் இருந்த அயோடின் டிங்சரில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்த சோதனைதான். அதைச் சின்ன ஏனத்தில் ஊற்றிச் சூடு காட்டினேன். நீலம் மெல்ல வெளுத்துக் காணாமல் போனது. இறக்கிக் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தேன். நீலம் திரும்பி வந்தது.

"போனது வந்துருச்சே!" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். மாவுச்சத்தில் ஒரு பகுதி சுருள் கம்பி போன்ற நீளமான மூலக்கூறு, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு குளுக்கோஸ். அந்தச் சுருளின் உள்கூட்டுக்குள் அயோடின் போய் வரிசையாக உட்காரும்போது நீல நிறம். மாவும் அயோடினும் சேர்ந்து புதுப் பொருளாக மாறிவிடவில்லை. ஒன்றின் மடியில் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. சூடு காட்டினால் எழுந்து போகும், ஆறினால் திரும்பி வரும். ஒரு மூலக்கூறுக்குள்ளே அணுக்களைக் கட்டிப்போடும் பிணைப்பு பலமானது. இரண்டு கார்பன்களைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 350 கிலோ ஜூல் வேண்டும். தண்ணீரில் ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 போதும். இப்படிப்பட்ட மெலிந்த பிடிப்புகளால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படி அடையாளம் கண்டு சேர்கின்றன, எப்போது விடுகின்றன என்று பார்ப்பதுதான் சூப்ராமாலிகுலர் வேதியியல். தமிழில் மீமூலக்கூற்று வேதியியல் என்று எழுதுகிறார்கள்.

இங்கே எங்கள் மலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தத் துறைக்குள் நான் வந்த வழியே இந்தக் கிழங்குதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து, அதாவது எங்கள் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து, ஜவ்வரிசி செய்யும் தொழில் வேர்விட்டது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கமெல்லாம் சேகோ பேக்டரிகள். அவற்றின் பசி எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மலைக்கு வந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு ஏறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காப்பாற்றப் பாடுபட்டுவருவதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். என் பாட்டி சாமை சேமித்த குதிர் இப்போது காலியாக நிற்கிறது. அந்தக் கிழங்குக் காசில்தான் நான் படித்தேன் என்பதையும் மறைக்க முடியாது. இரண்டும் உண்மை, இரண்டும் என்னோடே இருக்கின்றன.

பேக்டரியில் கிழங்குக்கு விலை வைப்பது பாயிண்ட் கணக்கில். மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். சின்ன வயதில் அப்பாவோடு லாரியில் போய் அந்த அளவைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாயிண்ட் குறைந்தால் அவர் முகம் எப்படி மாறும் என்று தெரியும். எம்எஸ்சி படிக்கும்போது, அதே மாவுச்சத்திலிருந்து சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்றொரு பொருள் எடுக்கிறார்கள் என்று ஆசிரியர் போகிற போக்கில் சொன்னார். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஒரு நொதி மாவுச் சங்கிலியை வெட்டி, வெட்டிய துண்டின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று ஒட்டி வளையமாக்குகிறது. ஆறு குளுக்கோஸ் வளையம் ஆல்பா, ஏழு பீட்டா, எட்டு காமா. அடியில்லாத வாளி போன்ற வடிவம். வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒத்துப்போகும், உள்பக்கம் எண்ணெய்த் தன்மை கொண்டவற்றை வரவேற்கும். பீட்டாவின் உள்வெளி ஒரு நானோமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு அகலம். பிரெஞ்சுக்காரரான வில்லியே 1891இல் உருளைக்கிழங்கு மாவிலிருந்து இதை முதலில் எடுத்தார். ஆயிரம் கிராம் மாவுக்கு அவருக்குக் கிடைத்தது மூன்று கிராம் படிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவைச் சேர்ந்த ஷார்டிங்கர் அதை உருவாக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இன்றைக்கு இந்த வளையம் எங்கெங்கே இருக்கிறது என்று தம்பியின் அம்மாவுக்குச் சொன்னேன். கோழி முட்டை மஞ்சள் கருவிலிருந்தும் வெண்ணெயிலிருந்தும் கொழுப்பான கொலஸ்டிராலைப் பிடித்து வெளியே எடுக்கப் பீட்டா வளையம் உதவுகிறது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்காரர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். கொரோனா காலத்தில் பேசப்பட்ட ரெம்டெசிவிர் ஊசி மருந்து தண்ணீரில் கரைய, அதோடு கலந்திருந்தது மாற்றியமைக்கப்பட்ட பீட்டா வளையம்தான். எனக்கு மிகவும் பிடித்தது சுகமாடெக்ஸ். அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்த ரோகுரோனியம் கொடுப்பார்கள். முடிந்த பிறகு நோயாளி தானாக மூச்சுவிட அந்த மருந்தின் பிடி விலகவேண்டும். ஆர்கனான் நிறுவனத்தின் ஸ்காட்லாந்து ஆய்வகத்தில் ஆண்டன் பாம், எட்டு குளுக்கோஸ் வளையத்துக்கு எட்டுக் கைகள் வைத்து, ரோகுரோனியத்தை இரத்தத்திலேயே விழுங்கிக்கொள்ளும் மூலக்கூறாக மாற்றினார். ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் அனுமதி கிடைத்தது. ஒரு மூலக்கூறு இன்னொன்றைத் தன் மடியில் வைத்துக்கொள்வதே அங்கே மருந்து.

அவர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து கிழங்கை இறக்கப் போனார். மகன் செய்யப்போவது உருப்படியான வேலை என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும், அதற்குப் பிறகு வருடக் கணக்கு கேட்கவில்லை.

இனி தம்பியின் கேள்வி. விளம்பரத்தை இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தோம்.

ஹோஸ்ட்-கெஸ்ட் வேதியியலில் (ஒரு மூலக்கூறு இன்னொன்றை விருந்தாளியாக மடியில் வைத்துக்கொள்வது) அனுபவம், கரிமத் தொகுப்பில் தேர்ச்சி, என்எம்ஆர் டைட்ரேஷன், ஐடிசி, படிக அமைப்பாய்வு தெரிந்தால் நல்லது, ஒரு வருடம், செயல்பாட்டைப் பொறுத்து நீட்டிப்பு. பெரும்பாலான விளம்பரங்கள் இப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் இந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்து மூடிவிடுகிறார்கள். எல்லாம் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார் என்பது எழுதிய பேராசிரியருக்கே தெரியும். இரண்டு தெரிந்து, மூன்றாவதைக் கற்றுக்கொள்ளும் ஆள் போதும்.

ஆனால் ஒன்றில் நான் கறாராக இருப்பேன். அளக்கத் தெரிந்துகொள்ளவேண்டும். மூலக்கூறு செய்வதில் நம் ஊர்ப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், இரவு பகல் பார்க்காமல் செய்வார்கள். செய்த மூலக்கூறு விருந்தாளியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளப்பதில்தான் இந்தத் துறையின் உயிர் இருக்கிறது. ஒன்றை நிலையாக வைத்து மற்றதை மைக்ரோலிட்டர் மைக்ரோலிட்டராகச் சேர்த்து, என்எம்ஆரில் உச்சம் நகர்வதைப் பார்த்து, வளைகோட்டைப் பொருத்திப் பிணைப்பு மாறிலியை எடுக்கவேண்டும். ஐடிசி கருவியில் ஒவ்வொரு சொட்டுக்கும் வெளிவரும் நுண்ணிய வெப்பத்தை அளக்கவேண்டும். ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்கு இரண்டா என்று காட்ட இன்னும் பலர் ஜாப் வரைபடத்தைப் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் பால் தோர்டார்சனும் ஹிபர்ட்டும் 2016இலேயே அது இந்த வேலைக்கு நம்பத் தகுந்ததல்ல என்று காட்டிவிட்டார்கள். நேர்காணலில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் மகிழ்ச்சியடை, அங்கே அளவை மதிக்கிறார்கள் என்று அர்த்தம் என்றேன்.

அப்பா ஒரு பாயிண்ட்டுக்காகப் பேக்டரி வாசலில் நின்று பேசியது எனக்கு ஒவ்வொரு டைட்ரேஷனிலும் நினைவு வரும்.

"உங்க மொத போஸ்ட்டாக் எப்படிக்கா போச்சு?" என்று கேட்டான்.

உண்மையைச் சொன்னேன். நல்ல இதழ்களில் நிறைய எழுதுகிற பெரிய குழு என்று பார்த்துச் சேர்ந்தேன். இரண்டு வருடம் மற்றவர் வரைந்து கொடுத்த மூலக்கூறுகளைச் செய்து கொடுத்தேன். நாலு கட்டுரையில் நடுவில் என் பெயர் வந்தது. பிறகு ஓர் ஆசிரியர் பணி நேர்காணலில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், "இதுல உங்க கேள்வி எதும்மா?" எனக்குப் பதில் இல்லை. அத்தனை வருடத்தில் எனக்கென்று ஒரு கேள்வி இல்லை. பேருந்தில் திரும்பி வந்தபோது காரவள்ளியிலிருந்து செம்மேடு வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கேள்வி என் கூடவே வந்தது.

இரண்டாவது போஸ்ட்டாக்கைச் சின்னக் குழுவில் எடுத்தேன். சேரும் முன்பே பேராசிரியரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். இங்கிருந்து போகும்போது எந்தப் பிரச்சினையை நான் என்னோடு எடுத்துப் போகலாம்? வாரத்தில் ஒரு நாள் என் சொந்த யோசனையைச் சோதிக்க அனுமதி உண்டா? அவர் யோசித்துச் சரி என்றார். இன்று கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நான் செய்யும் சிறு ஆராய்ச்சி அந்த ஒரு நாளில் முளைத்தது.

போஸ்ட்டாக் என்பது நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் திண்ணை என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். அப்படி நினைத்துப் போனால் அப்படித்தான் ஆகும். வேறு விதமாகப் போனவர்களைப் பாருங்கள். இந்தத் துறைக்குப் பெயர் வைத்த ழான் மரி லேன் 1963இல் பட்டம் வாங்கியதும் ஹார்வர்டில் வேதியியலாளர் உட்வர்டிடம் போய் ஒரு வருடம் வைட்டமின் பி12 தொகுப்பில் வேலை செய்தார். அது உட்வர்டின் கேள்வி. ஸ்ட்ராஸ்பர்க் திரும்பிய பிறகு லேன் போனது உயிரணு எப்படிச் சோடியம், பொட்டாசியத்தைப் பிரித்தறிகிறது என்ற தன் கேள்விக்கு. அவருடைய மாணவர் சோவாஜ் ஆக்ஸ்ஃபோர்டில் போஸ்ட்டாக் செய்துவிட்டு வந்து, 1983இல் ஒரு செம்பு அயனியைச் சுற்றி இரண்டு மூலக்கூறு வளையங்களைச் சங்கிலி போலக் கோத்தார். லேனுக்கு 1987, சோவாஜுக்கு 2016 என்று நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கத்திலும் ஆட்கள் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வி. ராமமூர்த்தி, கே. வெங்கடேசனோடு சேர்ந்து, படிகத்துக்குள் மூலக்கூறுகள் அடுக்கியிருக்கும் விதம் ஒளி வேதிவினையை எப்படி நடத்துகிறது என்று எண்பதுகளில் காட்டினார். பிறகு அமெரிக்கா போய், தண்ணீரில் கரையும் மூலக்கூறுக் கூண்டுகளுக்குள் அதே கேள்வியைத் தொடர்ந்தார். சென்னையில் பிறந்த கௌதம் தேசிராஜு 1989இல் படிகப் பொறியியலுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். இன்று பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு மையம், திருவனந்தபுரத்து நீஸ்ட் ஆய்வகம் என்று போய்ச் சேரவேண்டிய இடங்கள் ஒரு இரவுப் பயணத் தூரத்தில் இருக்கின்றன.

ஆனால் தம்பிக்கு நான் விரிவாகச் சொன்னது சார்லஸ் பெடர்சன் கதையை. கொரியாவின் புசானில் பிறந்தவர், நார்வே அப்பா, ஜப்பானிய அம்மா. முனைவர் பட்டம் வாங்கவே இல்லை. டூபான்ட் கம்பெனியில் வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில், ஓய்வுக்குச் சில வருடமே இருக்கும்போது, வேறெதையோ செய்யப்போய் 0.4 சதவீதம் மட்டும் ஒரு வேண்டாத பொருள் வந்தது. வெள்ளை நூல் போன்ற படிகம். மூலப்பொருளில் இருந்த கலப்படத்தால் வந்தது. வேறு யாராக இருந்தாலும் கழுவி ஊற்றியிருப்பார்கள். அவர் அதை மெத்தனாலில் போட்டார், அவ்வளவாகக் கரையவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் கரைந்தது. காரத்தால் இல்லை, எந்தச் சோடியம் உப்பைப் போட்டாலும் கரைந்தது. சோடியம் அந்த வளையத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று அவர் கண்டுகொண்டார். கிரவுன் ஈதர் அதுதான். 1967இல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்து இந்தத் துறையே தொடங்கியது என்று சொல்லலாம். லேனோடும் இன்னொரு வேதியியலாளரான டொனால்ட் கிராமோடும் அவரும் 1987 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது வயது 83.

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்டயும் ஒன்னு இருக்குதுக்கா. சொன்னா நல்லாருக்காது" என்றான்.

அவன் பிஎச்டி சூரிய மின்கலத்துக்கான சாயங்களில். ஒரு சாயத்தை டொலுவீனில் படிகமாக்கினான். அழகான படிகம், ஆனால் உள்ளே டொலுவீன் மாட்டிக்கொண்டது. சூடாக்கி விரட்டப் பார்த்தான். டொலுவீன் கொதிப்பது 110 டிகிரியில். இது 150 தாண்டியும் போகவில்லை. மறுபடி மறுபடி செய்தான், அதே கதை. தூய்மை இல்லாத மாதிரி என்று ஆய்வேட்டிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டான்.

"பென்சீன்ல போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். அது நிக்கல. நூறு டிகிரிக்குள்ளயே போயிருச்சு."

"சைலீன்?"

"அது உள்ளயே வரலிங்க்கா."

நான் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மூலக்கூறு, பென்சீனை லேசாகப் பிடிக்கிறது, டொலுவீனை இறுக்கிப் பிடிக்கிறது, சைலீனை ஏற்கவே இல்லை. ஒரு மெத்தில் கூட்டினால் உட்காருகிறது, இரண்டு கூட்டினால் இடம் இல்லை. இவன் ஹோஸ்ட்-கெஸ்ட் வேதியியலில் அனுபவம் இல்லை என்று சொல்லிக்கொண்டு என் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

"அந்தப் பக்கம் இப்ப எங்க இருக்குது?"

"லேப்டாப்ல, 'வேஸ்ட்'னு ஒரு போல்டர்ல."

லாரி கிளம்பிவிட்டது. வாசலில் வைத்து லேப்டாப்பைத் திறந்தோம். சூடாக்கியபோது எடை குறைந்ததைக் காட்டும் வரைபடம் வந்தது, மூன்று கோடுகள். விண்ணப்பக் கடிதத்தை அவன் ஏற்கனவே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். பெருமைமிக்க தங்கள் ஆய்வகத்தில் சேர என்று தொடங்கியது. முதல் பத்தியை அழிக்கச் சொன்னேன். டொலுவீன் என்ற சொல்லில் தொடங்கி மறுபடி எழுத ஆரம்பித்தான். அனுப்ப சிக்னல் இல்லை. பேருந்து நிறுத்தத்துப் பக்கம் போனால்தான் கிடைக்கும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கி நடந்தோம்.